டிவி இல்லாமல் ஒன்பது மாதம் ஓடிவிட்டது, இப்போது மாமியார் வரப்போகிறார்

அவினாசி மருமகள்:

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்ததில் எங்கள் வீட்டு டிவி போய்விட்டது. 43 இன்ச், வாங்கி நாலு வருடம். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, போர்டோடு பேனலும் போயிருக்கிறது, சரி செய்கிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம் என்றார். தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். போனஸ் வந்தது, துணியும் பட்டாசுமாகப் போனது. பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றோம். பொங்கலும் போனது, அதற்குள் வீட்டில் யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் ஆச்சரியம். இப்போது சுவரில் டிவி மாட்டியிருந்த நாலு ஓட்டையும், பெயிண்ட் வெளுக்காத ஒரு செவ்வகமும் மட்டும் இருக்கின்றன. சின்னவன் அதற்குள் சாக்பீஸால் ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறான்.

முதல் பத்து நாள் லேசுப்பட்டதாக இல்லை. சின்னவனுக்கு ஐந்து வயது, கார்ட்டூன் ஓடாமல் வாயைத் திறக்க மாட்டான். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டு வட்டலில் போட்டு வைத்தால், அது ஆறி இறுகிக் கட்டியாகும் வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நானும் அழுதிருக்கிறேன், பொய் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் வட்டல் காலி, மூக்கு வரைக்கும் பருக்கை. பெரியவளுக்கு ஒன்பது வயது. அவள் எதிர்வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், நான் தடுக்கவில்லை. அப்புறம் அதுவும் தானாகக் குறைந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பீர்கள். டிவி இல்லாத வீடு என்று பெருமை பேசுகிற நான், ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் புடவைக் கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு புடவையாக விரித்துப் போடுவதை ஒரு மணி நேரம் பார்க்கிறேன். வாங்குவதும் இல்லை. என் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் மொத்தமும் போனில்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், மாமியாருக்கு அடுத்த மாதம் கோயமுத்தூரில் மூட்டு ஆபரேஷன். முடிந்ததும் மூன்று மாதம் எங்களோடுதான் இருப்பார். மாமா போய் ஆறு வருடம் ஆகிறது, அத்தை கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாகத்தான் இருக்கிறார். அங்கே அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் தூங்குகிற வரைக்கும் ஓடும், சில நாள் தூங்கினதற்கு அப்புறமும் ஓடும். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து மீன் வரைந்த சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் பாவமில்லையா? அதே சமயம் ஹாலில் ஒரு டிவியை மாட்டிவிட்டால் ஒன்பது மாதப் பாடும் ஒரே நாளில் போய்விடும், மூன்று மாதம் கழித்து அதைக் கழற்ற யாராலும் முடியாது.

இதில் ஒறம்பரைகளின் பேச்சு வேறு. போன மாதம் ஒரு சீருக்குப் போயிருந்தபோது பெரியம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, கடன் கிடன் ஏதாச்சுமா?" என்று மெதுவாகக் கேட்டார். டிவி இல்லையென்றால் ஒன்று கடன், இல்லையென்றால் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிற மருமகள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

டிவி இல்லாமல் இருக்கிறவர்கள், இருந்து பார்த்து விட்டவர்கள், வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் சொல்லுங்கள். என்ன செய்யலாம்?

---

ஆனைமலைக் காத்து:

மூன்று மாதம்தானுங்களே. ஒரு டிவியை வாங்கி மாட்டிவிடுங்க. மாமியாரோடு சண்டை வந்தால் அது மூன்று மாதத்தில் முடியாது.

---

சென்னிமலை மேட்டுக்காரன்:

அம்மிணி, நான் டிவியை விட்டுப் பதினாலு வருடம் ஆகிறது. ஆனால் நான் விட்ட விதம் சரியில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடக்கிற கூத்துதான். மகள் பிளஸ் டூ போனாள், கேபிளைத் துண்டித்தோம். நாமக்கல், ராசிபுரம், ஈரோடு, எங்கே கேட்டாலும் பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ போனால் முதலில் போவது கேபிள் வயர்தான், அப்புறம்தான் டியூசன். நானும் அதையே செய்தேன். செய்துவிட்டு என்ன பண்ணினேன் தெரியுமா? ராத்திரி எட்டு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு, சோறுண்டுவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து செய்தியும் கிரிக்கெட்டும் பார்த்துவிட்டு பதினோரு மணிக்கு வருவேன். அவள் உள்ளே படித்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் நன்றாகவே கேட்கும், அதில் என் சிரிப்பும் கேட்குமாம். இதை அவள் சொன்னது கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு. "அப்பா, டிவிய நீங்க எனக்குத்தான் நிறுத்துனீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மதிப்பெண் நல்லாத்தான் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை முடிந்த அன்றே அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போய் நாலு நாள் எழுந்திருக்காமல் டிவி பார்த்தாள். ஒருத்தருக்கு மட்டும் தண்டனையாக வைத்தால் அப்படித்தான். அவள் சொன்னதற்கு அப்புறம் பக்கத்து வீட்டுத் திண்ணையை நானும் விட்டேன். ஆக என் கணக்கில் பதினாலு வருடம் என்பதில் பாதி பொய்.

இப்போது பொழுது எப்படிப் போகிறது என்றால், என் சம்சாரம் வள்ளி கும்மி பழகப் போகிறாள். கோயில் மைதானத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு நாற்பது ஐம்பது பொம்பளைகள், குழந்தை குட்டியோடு. மேட்டுப்பாளையம் பக்கத்துக் கும்மி வாத்தியார் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அதற்கு முன்னாலேயே கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இது திரும்பிவந்துவிட்டது. அவினாசிப் பக்கமும் இல்லாமல் இருக்காது, விசாரியுங்கள். உங்கள் மாமியார் ஆட வேண்டாம், ஆபரேஷன் செய்த காலோடு ஆடவும் கூடாது. ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும், யார் கால் தப்பாக வைக்கிறாள் என்று சொல்வதற்கு அந்த வயதில் இருப்பவர்கள்தான் வேண்டும். ஒன்றே ஒன்று, அங்கேயும் பாதிப் பேர் ஆட்டம் முடிந்ததும் செய்கிற முதல் காரியம் வீடியோவை ஸ்டேட்டஸில் வைப்பதுதான்.

அது கிடக்கட்டும். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒறம்பரை என்ன நினைப்பார்கள், பிள்ளைகள் என்ன ஆவார்கள், எல்லாம் இருக்கிறது. அத்தையிடம் கேட்டீர்களா என்பது மட்டும் இல்லை.

---

சரவணம்பட்டி ரூம்மேட்:

எங்கள் அறையிலும் டிவி இல்லை. நாலு பேர் இருக்கிறோம், நாலு போன், நாலு லேப்டாப், ஒரு டேப்லெட். ஒன்பது திரை. ஊருக்குப் போனால் அம்மாவிடம் "நாங்கெல்லாம் டிவி பாக்கறதே இல்ல" என்று சொல்வேன், அம்மாவும் நம்பிப் பக்கத்து வீட்டில் பெருமையடிப்பார்.

2024 ஜூன் 4, ஓட்டு எண்ணிய அன்று மட்டும்தான் டிவி இல்லாதது உறைத்தது. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு சேனல், ஒருத்தன் போனில் முன்னிலை, இன்னொருத்தன் போனில் அதே ஆள் பின்னடைவு. கடைசியில் நாலு பேரும் எழுந்து டீக்கடைக்குப் போய் நின்றோம். அங்கே ஒரே டிவிக்கு முன்னால் முப்பது பேர். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

---

பழைய கேபிள்காரன்:

காங்கயம் பக்கத்தில் இருபத்தி நாலு வருடம் கேபிள் நடத்தியவன் நான். டிவி இல்லாமல் இருப்பது எப்படி என்று என்னிடம் கேட்பது கசாப்புக் கடைக்காரனிடம் கீரை பக்குவம் கேட்கிற மாதிரி. ஆனாலும் இதில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் டிவி வாங்கினால் ஒளிபரப்பு டவர் இருந்த கொடைக்கானலைப் பார்த்து ஆண்டெனா நிற்கும். காத்தடித்தால் திரும்பிக்கொள்ளும். ஒருத்தன் மேலே ஏறி "தெரியுதா, தெரியுதா" என்று கத்துவான், இன்னொருத்தன் கீழே வீட்டு ஆசாரத்தில் நின்று "இன்னுங் கொஞ்சம் இக்கட்டால" என்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சினிமாப் பாட்டு ஓடுகிற அரை மணி நேரத்துக்கு ஒரு வீட்டு வாசலில் நாற்பது பேர் இருப்பார்கள். 1993 சித்திரை ஒன்றாம் தேதி சன் டிவி வந்தது, அப்புறம்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு வந்தது.

ஆனால் நம்ம கொங்கு நாட்டில் கேபிள் இழுப்பது சாதாரண வேலையில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி வீடுகள் ஒரே தெருவாக ஒட்டி இருக்காது. ஊருக்குள் கொஞ்சம், மிச்சமெல்லாம் தோட்டத்துக்கு ஒரு வீடு. ஒரு கனெக்‌ஷனுக்கு அரை கிலோமீட்டர் வயர், தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கட்டி, நடுவில் ஆம்ப்ளிபயர் வைத்து, அதை எலி கடித்து, இடி விழுந்து, அப்புறம் திட்டு வாங்குவது நான். இருந்தாலும் தோட்டத்து வீட்டுக்காரர்கள்தான் பாக்கி வைக்காமல் காசு கொடுப்பார்கள். ஊருக்குள் இருப்பவன் பத்து நாள் படம் வராவிட்டால் அடுத்த வீட்டில் பார்த்துக்கொள்வான். தோட்டத்தில் தனியாக இருக்கிற அம்மா அன்றைக்கே போன் பண்ணும், "ஏனுங் தம்பி, படம் வரலீங்க" என்று. படத்துக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2006 செப்டம்பர் 15-இல் இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் அத்தை வீட்டில் இருப்பது அந்த வரிசையில் வந்ததுதான். நிறையப் பேர் அதைப் பாதி விலைக்கு விற்றார்கள், நிறையப் பேர் சமையல்கட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பெட்டி உறுதியான பெட்டி, இன்றைக்கும் ஓடுகிறதென்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தது. அப்புறம் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது முறை கொண்டுவந்தது. நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனலுக்கு அதற்கு மேல் தனிக் காசு. அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் "எந்தெந்த சேனல் வேணுங்க?" என்று கேட்டேன். அதில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், அறுபது வயதுக்கு மேல் இருப்பவர்களுக்கு அதிகபட்சம் மூன்று சேனல் போதும். மற்ற சேனலெல்லாம் யாருக்காக வந்தன என்று எனக்கே தெரியாது.

இனி உங்கள் விஷயம். ஹாலில் பெரிய ஸ்மார்ட் டிவி மாட்டினால் உங்கள் அத்தையால் அதைப் போடவே முடியாது. இரண்டு ரிமோட், ஒன்றில் டிவி, ஒன்றில் பாக்ஸ், தப்பாக ஒரு பட்டனை அமுக்கினால் ஏதோ ஒரு ஆப் திறந்து நிற்கும். அப்புறம் பேத்தியைக் கூப்பிட வேண்டும், பேத்தி வந்தால் பேத்தியும் உட்கார்ந்துவிடுவாள். அதனால் அந்த 14 இன்ச் டிவியையே தூக்கிக்கொண்டு வந்து அத்தை படுக்கிற அறையில் வையுங்கள். அறைக்குள் ஒரு சின்ன டிவி இருப்பதும் ஹாலில் ஒரு டிவி இருப்பதும் வேறு வேறு. பிள்ளைகள் போய் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், 14 இன்ச்சில் அவர்களுக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். கவுந்தப்பாடியில் இருக்கிற பாக்ஸை அவினாசிக்குக் கொண்டுவந்தால் அப்படியே ஓடாது, ஒரு ஆபரேட்டரின் பாக்ஸ் பொதுவாக இன்னொருத்தர் லைனில் வேலை செய்யாது. டிடிஎச் டிஷ் என்றால் பிரித்துக் கொண்டுவந்து மாட்டலாம். மாதக் காசே வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது, ஒரு தடவை வாங்கி மாட்டினால் சந்தா கிடையாது. ஆனால் அத்தைக்குப் பழகின சீரியல் அதில் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

---

சாக்பீஸ் டப்பா:

ஈரோட்டில் ஆசிரியையாக இருக்கிறேன், ஆறாம் வகுப்பு. எனக்கு டிவி மேல் கோபமே இல்லை, இப்போதெல்லாம் டிவியைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

"எங்க ஊட்ல டிவியே இல்லீங்க மிஸ்" என்று சொல்கிற பிள்ளைகள் என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதே பிள்ளைகள்தான் இடைவேளையில் போனில் பார்த்த பதினைந்து நொடி ஆட்டத்தை அச்சு அசலாக ஆடிக் காட்டுகிறார்கள். டிவி ஹாலில் இருந்தது, என்ன ஓடுகிறது என்று சமையல்கட்டில் இருந்தே தெரியும். ஒரு நிகழ்ச்சி முடிந்தால் முடிந்தது, அடுத்தது பிடிக்காவிட்டால் எழுந்து போவோம். போனில் முடிவு என்பதே கிடையாது, அது பாத்ரூம் வரைக்கும் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சொன்னதிலும் டிவி, போன் என்று பிரிக்கவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரம் என்றுதான் கணக்கு. ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் சின்னவன் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டான், தப்பித்தீர்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்றால், ராத்திரி எட்டு மணிக்கு எல்லாப் போனும் அரிசி டப்பா மேல் இருக்கிற ஒரு பழைய பித்தளைப் போசிக்குள் போய்விடும். ஏன் அங்கே என்றால், அரிசி எடுப்பது நான் ஒருத்திதான். மணி அடித்தால் போசி அதிர்ந்து கோயில் மணி மாதிரி சத்தம் வரும், அதனால் அவசரமான அழைப்பு எதுவும் தப்பாது. முதல் வாரம் என் வீட்டுக்காரர் அரிசி எடுக்க நான் உதவட்டுமா என்று மூன்று தடவை கேட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

புத்தகத்தைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, 2005-இலிருந்து நடக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் டிவி போன இடத்தில் புத்தகம் தானாக வந்து உட்காரும் என்று நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்து டிவி போன இடத்தில் முதலில் வருவது சண்டை, அப்புறம் சும்மா இருப்பது, அதற்கும் அப்புறம்தான் மற்றது. உங்கள் சின்னவன் சுவரில் மீன் வரைந்தது அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான். பெயிண்ட் அடித்து அதை அழித்துவிடாதீர்கள்.

---

அவினாசி மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. கேபிள்காரர் அண்ணா சொன்னபடி அத்தையின் டிவியையே கொண்டுவந்து அறையில் வைப்பது என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். வண்டிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆனால் சென்னிமலை அண்ணா கடைசியில் கேட்டது மனதிலேயே நின்றது. நேற்று கம்பெனியில் இருந்து வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, உங்க டிவிய இங்க கொண்டாந்துரலாங்களா? உங்க ரூம்லயே வெச்சுக்கலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "டிவிய எடுத்துட்டு வந்தா அங்க ஊட்ல யாரு இருக்கறது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார். சீரியலெல்லாம் அவர் கவனிப்பதே இல்லையாம், கண்ணில் புரை விழுந்ததில் இருந்து சின்னத் திரையில் முகம் சரியாகத் தெரிவதும் இல்லையாம். மாமா இருந்தவரை சாயங்காலமானால் யாராவது வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது பொழுதோடு கட்டுத்தரையில் மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்து தாழ் போட்டால் விடியால வரைக்கும் ஒரு குரல் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கிற வயசானவர்களைப் பற்றிச் செய்தியில் வருவதெல்லாம் அவருக்கும் காதில் விழுகிறது, எங்களிடம் மட்டும் சொன்னதில்லை. "சத்தம் கேட்டா உள்ள நாலு பேரு இருக்கறாங்கன்னு நெனச்சுக்குவான் கண்ணு, எவனும் கதவத் தொட மாட்டான்" என்றார். ரேடியோ போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். "ரேடியோல ஒருத்தன் பேசுவான், இல்ல பாடுவான். இதுல ஊடே சண்டை போடுது" என்றார்.

ஆறு வருடமாக நாங்கள் போகும்போதெல்லாம் "இந்த சீரியலையே பாத்துட்டு இருக்கீங்களே அத்தை" என்று கிண்டல் செய்திருக்கிறேன். ராத்திரி அந்தப் புடவைக் கடைக்காரரைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

ஆக அத்தைக்கு எங்கள் வீட்டில் டிவி வேண்டாமாம். "அங்க நீங்க நாலு பேரு இருக்கறீங்க, அது எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருடைய டிவி மட்டும் சாளையிலேயே ஓட வேண்டும். பால் கறக்க வருகிறவர் பொழுதோடு போட்டுவிட்டுப் போகட்டும், விடியால வந்து நிறுத்தட்டும் என்கிறார். பார்க்க ஆளே இல்லாத வீட்டில் மூன்று மாதம் ராத்திரி முழுக்க டிவி ஓட வேண்டும். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு முதலில் சிரித்தார், அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் போய் அங்கே ஒரு கேமராவும் வாசலில் பெரிய லைட்டும் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு அப்புறம் அத்தையைத் திரும்பத் தனியாக அனுப்புவதா என்பது வேறு பேச்சு, அதை வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை.

கேபிள்காரர் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். பழைய டிவியை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ஏதாவது ஆகுமா? கரண்ட் பில் எவ்வளவு வரும்?

---

பழைய கேபிள்காரன்:

படம் வரவில்லை என்று அன்றைக்கே போன் பண்ணிய அம்மாக்கள் எல்லோரும் இப்போது ஞாபகத்துக்கு வருகிறார்கள். சிலருக்கு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நாலு நாள் கழித்துப் போயிருக்கிறேன். சரி, அது போகட்டும்.

பில் பெரிசாக வராது. 14 இன்ச் டியூப் டிவி 60 வாட், பாக்ஸ் 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் கீழே. இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். ஆள் இல்லாத வீடு, வாசல் லைட் எரிந்தாலும் 100 யூனிட் இலவசத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் சத்தமே வராமல் சந்தா கட்டச் சொல்லி ஒரு எழுத்து மட்டும் நிற்கும்.

ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டாம். பழைய பெட்டி, உள்ளே தூசி இருக்கும், சூடாகும், ஆள் இல்லாத வீட்டில் அது நல்லதில்லை. எலக்ட்ரிகல் கடையில் டைமர் பிளக் கிடைக்கும். சாயங்காலம் ஆறுக்குப் போட்டு பதினொன்றுக்கு நிறுத்துகிற மாதிரி வையுங்கள், மறுபடி விடியால நாலரைக்கு ஒரு மணி நேரம் வையுங்கள், யாரோ எழுந்துவிட்டார்கள் என்று தோன்றும். பால்காரரும் அலைய வேண்டாம். கரண்ட் வந்ததும் சில டிவி தானாக ஓடும், சில டிவி சிவப்பு லைட்டோடு அப்படியே நிற்கும், ரிமோட்டில் அமுக்கினால்தான் வரும். அதனால் போகிற அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி மாட்டிச் சோதித்துப் பாருங்கள். சிவப்பு லைட்டோடு நின்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம்.